சிபாரிசுக்குப் போகாதவர்

பள்ளிக்கூடத்துக்குள் அவர் ஒருவரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. பத்தாம் வகுப்பில் என் கணக்குப் பாடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் பாஸாகி, நான் முகமெல்லாம் பல்லாக அவர் அறையில் போய் நின்றபோது, "சரி. ஒன்பதாவது சி-யில டீச்சர் யாருமில்ல போலிருக்கு, ஒரே சத்தம். போய்ப் பாருங்க டீச்சர்" என்றார். பல்லை மூடிக்கொண்டு ஒன்பதாவது சி-க்குப் போனேன்.

எங்கள் தலைமை ஆசிரியை அவர். எச்.எம். அம்மா என்றுதான் கூப்பிடுவோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆளே இப்போது இல்லை. சொன்னாலோ திருவண்ணாமலையில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், மீதிப் பாதிப் பேர் அவரிடம் படித்த பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை வேண்டுமானால் சொல்கிறேன்: கிராம்பு. எப்போதோ பல்வலிக்காக வாயில் அடக்க ஆரம்பித்தாராம். வலி போய்விட்டது, கிராம்பு போகவில்லை. வராந்தாவில் அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். பிள்ளைகள் மட்டுமில்லை, ஸ்டாஃப் ரூமில் நாங்களும் அதை மோந்துதான் அரட்டையை நிறுத்துவோம்.

பாராட்டுவதற்கென்று அவர் வேறு இடம் வைத்திருந்தார். அது எங்கள் வீடுகள்.

நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். என் மாமியார் கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்களோடு வந்து இருந்தார். வேலைக்குப் போகிற மருமகள் என்றால் வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவள் என்பது அவருடைய தீர்மானம். "காலைல ஆனா சீவி சிங்காரிச்சிகினு கௌம்பிடறா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்வார், அதுவும் எனக்குக் கேட்கிற மாதிரி. காலை நாலரைக்கு எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டுத்தான் நான் சீவிச் சிங்காரித்தேன். அதை அவரிடம் யார் சொல்வது? நான் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறேன் என்று ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் கூடத்தில் உட்கார்ந்து ஊரிலிருந்து வந்த மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வாசலில் கிராம்பு வாசனை. எட்டிப் பார்த்தால் எச்.எம். அம்மா, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எச்.எம். வீடு தேடி வருகிறார் என்றால் ஒன்று சஸ்பென்ஷன், இல்லையென்றால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. என் கணவர் லுங்கியோடு உள்ளே ஓடிப் போய்ச் சட்டை தேடினார்.

எச்.எம். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மாமியாருக்கு எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பழத்தை அவர் கையில் கொடுத்தார்.

"உங்க வீட்டுப் பொண்ண எங்ககிட்ட அனுப்பி வச்சிருக்கீங்கம்மா. பொறுப்பா இருக்காங்க. எங்க புள்ளைங்க கணக்குன்னா முன்னாடி பயந்து ஓடும். இப்ப ஓடறதில்ல. நீங்க வீட்டப் பாத்துக்கறதாலதான் அவங்க எங்க புள்ளைங்களப் பாத்துக்க முடியுது. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

காபியைக் குடித்தார், குடையை எடுத்தார், போய்விட்டார். மாமியார் கொஞ்ச நேரம் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாவம், நல்ல பொம்பள. எந்த ஊருக்கு மாத்திட்டாங்களாம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "யார அத்த?"

"அதான் சொல்லிட்டுப் போவ வந்தேன்னு சொல்றாங்களே."

எங்கள் பேச்சில் சொல்லிவிட்டுப் போவது என்றால் விடைபெறுவது. வேலை மாற்றல் வந்து ஊரை விட்டுப் போகிறவர் போகிற போக்கில் நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம்தானே. மாமியார் கேட்டதையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். நான் விளக்கிச் சொல்வதற்குள் கீழ் வீட்டு அம்மாவிடமும் அதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் பெண் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது. திங்கட்கிழமை காலை பிரேயரில் பாதிப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் ரோஜாப் பூவோடு வந்திருந்தார்கள். எச்.எம். அம்மா பூவை வாங்கிக்கொண்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு முழுக்க அவர் வராந்தாவில் வருகிற வாசனை வந்தால் நான் வேறு பக்கம் போனேன்.

இந்தக் கூத்தை மறந்துவிடலாம். மறக்க முடியாதது அதற்கடுத்த நாட்கள். மாற்றலெல்லாம் இல்லை, அதைச் சொல்வதற்காகவே வந்தார் என்று மாமியாருக்குத் தெரிந்ததும், "இத்த சொல்றதுக்கா அந்த அம்மா பஸ் ஏறி வந்துச்சி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் காலையில் நான் எழுந்து போனால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. "நீ போய் உன் நோட்டத் திருத்து. பள்ளிக்கூடத்துல உன்ன நம்பி புள்ளைங்க கீது" என்றார். அன்றைக்கு எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தது அவர். கல்யாணமாகி வந்த பிறகு இன்னொருவர் கட்டிக் கொடுத்து நான் சாப்பிட்ட முதல் சோறு அதுதான். ஸ்டாஃப் ரூமில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சம்பளம் இரண்டு பங்கானால்கூட எனக்கு அந்தச் சோறு கிடைத்திருக்காது.

தமிழ் டீச்சர் ஒருவர் கணவனை விட்டுவிட்டு அப்பா வீட்டில் வந்து இருந்தார். அந்த அப்பா ரிடயர்டு கிளார்க், மகளிடம் பேசுவதே நின்றுபோயிருந்தது. எச்.எம். அம்மா அங்கேயும் வாழைப்பழத்தோடு போனார். அவர் பேச ஆரம்பித்ததும் அந்தப் பெரியவர், "கொஞ்சம் இருங்கம்மா" என்று உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு வந்து கைகட்டி நின்று கேட்டாராம். தமிழ் டீச்சர் இதைச் சொல்லும்போது அப்பா மாதிரியே நின்று காட்டுவார். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிப்பார், முடிக்கும்போது குரல் வேறாகிவிடும்.

ஒரு தடவை நான் கேட்டே விட்டேன். "ஏம்மா, ஸ்கூல்ல சொன்னா ஆகாதா?"

"நீங்க நல்லா சொல்லித் தர்றது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், புள்ளைங்களுக்குத் தெரியும். தெரியாதது உங்க வீட்ல மட்டும்தான். தெரியாத எடத்துலதான டீச்சர் சொல்லணும்?" என்றார். ரொம்ப சாதாரணமாக, பால்காரனிடம் பாக்கிக் கணக்குப் பேசுவதுபோல.

இத்தனை நல்ல மனுஷிக்கு ஒரு வியாதி இருந்தது. சிபாரிசு என்ற சொல்லைக் கேட்டால் ஆகாது.

அது எங்கள் ஊர் தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது. அதுவரைக்கும் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். இப்போது இலாகா இலாகாவாக ஊருக்குள்ளேயே வந்து இறங்கியது. ஆபீசர்கள் தெருவுக்கு ஒருவராகக் குடியிருந்தார்கள். பலன், ஊரில் சிபாரிசு ஜாஸ்தியாகிவிட்டது. ஜூன் பிறந்தால் எச்.எம். அறை வாசலில் விசிட்டிங் கார்டை நீட்டிக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். அவர் கார்டைக் கையால்கூடத் தொட மாட்டார். "சீட்டு இருந்தா குடுக்கப் போறேன், அதுக்கு சிபாரிசு எதுக்கு? சீட்டு இல்லன்னா இல்லதான், அதுக்கும் சிபாரிசு எதுக்கு?" என்பார். வந்தவர் அதற்குப் பதில் யோசிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். நாங்கள் கதவுக்கு வெளியே நின்று ரசிப்போம்.

ரசிக்க முடியாத ஒன்றும் நடந்தது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டு மாடியில் ஒரு அறையில் இருந்தார். தம்பி மகள் ஒன்பதாவது இங்கிலீஷ் மீடியத்துக்கு எங்கள் பள்ளியில் பரீட்சை எழுதி, கொஞ்சத்தில் தேறவில்லை. அத்தைதான் எச்.எம். ஒரு பேனாக் கோடு போதும். அவர் போடவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் கீழே இருக்கிறவர்கள் மாடிக்குப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒருநாள் பார்க்கப் போனேன். தம்பி மனைவி குழாயடியில் நின்றிருந்தார். "ஸ்கூல்லேர்ந்தா? மாடிலதான், போங்க. அங்க என்னதான் பண்றாங்களோ, காலைல போனா வெளக்கு வச்சப்பறம்தான் வர்றாங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்க இல்லன்னா அந்த ஸ்கூலே இல்லீங்க" என்று ஆரம்பித்து, என் மாமியார் கதை, தமிழ் டீச்சரின் அப்பா கதை எல்லாவற்றையும் சொன்னேன். "ஓ" என்றார் அவர், குடத்தைத் திருப்பி வைத்தார். மேலே போனால் எச்.எம். அம்மா ஜன்னல் பக்கம் படுத்திருக்கிறார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"கீழ இனிமே எதுவும் சொல்லாதீங்க டீச்சர். நான் சொல்லச் சொல்லி நீங்க சொன்ன மாதிரி ஆயிடும்."

அந்த வீட்டில் அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னாரோ என்னவோ. எனக்குத் துக்கமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஒரு மனுஷி தன் மேலேயே இவ்வளவு கறாராக இருந்தால் மற்றவர்கள் மேல் எப்படி இருப்பாள்?

அதற்குப் பதில் எங்கள் தையல் டீச்சர் விஷயத்தில் கிடைத்தது.

அவள் என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அடி அண்ணாமலைக்காரி. மலையைச் சுற்றி கிரிவலம் போகிற பாதையில், ரோட்டை ஒட்டினாற்போல அவர்கள் நிலம். அரசாங்கச் சம்பளம் இல்லை, பள்ளி நிர்வாகம் கொடுக்கிற கொஞ்ச சம்பளம்தான். தையலுக்குப் பரீட்சை கிடையாது, ரிசல்ட் கிடையாது. அவள் வகுப்பைக் கடன் வாங்கித்தான் நாங்கள் எல்லோரும் போர்ஷன் முடிப்போம்.

ஆனால் அவள் செய்தது எங்களில் யாரும் செய்யாதது. எட்டாவது வரைக்கும் பிள்ளைகளுக்கு இலவச யூனிபார்ம். ஒன்பதாவதிலிருந்து பாவாடை தாவணி, அது அவரவர் செலவு. துணி எடுக்க வழியில்லாத வீட்டுப் பெண்கள் எட்டாவதோடு சத்தம் போடாமல் நின்றுவிடுவார்கள். கேட்டால் வீட்டில் வேலை என்பார்கள். தாவணி இல்லை என்று எந்தப் பெண் வாயால் சொல்வாள்? தையல் டீச்சர் பத்தாவது முடித்துப் போகிற பெண்களிடமிருந்து பழைய பாவாடை தாவணியை வாங்கி வைப்பாள். ஒன்பதாவதின் முதல் பாடம், அளவெடுத்துப் பிரித்துத் தைப்பது. வகுப்பு மொத்தமும் உட்கார்ந்து தைக்கும். தைத்ததில் எது யார் வீட்டுக்குப் போயிற்று என்று ஒருத்திக்கும் தெரியாது. வாங்கிக்கொண்டவளும் தலை குனிய வேண்டியதில்லை, தானும் சேர்ந்து தைத்ததைத்தானே எடுத்துப் போகிறாள். தையல் டீச்சர் இருந்தவரை ஒன்பதாவதில் பெஞ்சு காலியானதில்லை. எச்.எம். அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். வேறு யார் கவனித்தார்களோ இல்லையோ, அவர் கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை.

கிரிவலத்துக்குக் கூட்டம் பெருகிக்கொண்டே வந்த காலம். அவள் வீட்டுக்காரர் நிலத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இட்லிக் கடை வைத்தார். வியாபாரம் சூடு பிடித்தது. தினமும் நடத்தலாம் என்றால் ஆள் கம்மி. பெண்டாட்டியை வேலையை விடச் சொன்னார்.

நான் மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்க எச்.எம். அறையில் நின்றிருந்தபோதுதான் அவள் வந்தாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வர்றீங்களாம்மா?"

"என்ன விசேஷம்?"

"விசேஷம்லாம் இல்லம்மா. மத்த டீச்சருங்க வூட்டுக்குப் போயி சொல்றீங்க இல்ல, அந்த மாதிரி எங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்த சொன்னா போதும். பட்டன் தைக்கிற வேலைக்கு எதுக்குடி தெனம் பஸ் புடிக்கறன்றாரு. தீபாவளியோட நின்னுடுன்றாரு. நான் சொன்னா நம்பல. நீங்க சொன்னா கேப்பாரும்மா."

எச்.எம். அம்மா பேனாவை மூடி வைத்தார். "அது சிபாரிசு இல்லையா டீச்சர்?"

"நெசத்ததானம்மா சொல்லச் சொல்றேன்."

"நெசமாவே இருக்கட்டும். கேட்டதுக்கப்பறம் போய்ச் சொன்னா அது சிபாரிசு. நான் சிபாரிசுக்குப் போறவ இல்ல, உங்களுக்கே தெரியும்."

அவள், "சரிங்கம்மா" என்றாள். வெளியே போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

"பாவம்மா அவ" என்றேன் நான்.

"போகணும்னுதான் டீச்சர் இருந்தேன். ஆயுத பூஜை லீவுல போலாம்னு நெனச்சி வச்சிருந்தேன். அவசரப்பட்டுக் கேட்டுட்டாங்களே" என்றார் அவர். உண்மையான வருத்தம் அந்தக் குரலில். அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. தண்ணீர் கேட்டுவிட்டாய், அதனால் தரமாட்டேன் என்பது என்ன நியாயம்? நீங்கள் செய்வது சரியில்லையம்மா என்று அன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் மார்க் ஷீட்டை இழுத்து வரிசையாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

தையல் டீச்சர் நம்பிக்கையை விடவில்லை. எச்.எம். அம்மா சொல்லாமல் வருகிறவர்தானே, வருவார் என்று நினைத்தாள். எங்க எச்.எம். வந்து சொல்வாங்க, அப்ப தெரியும் என்று வீட்டிலும் சொல்லி வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசல் தெளித்து, பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டு வைப்பாளாம். சாயங்காலம் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அவள் நாத்தனார், "இன்னா, உங்க எச்.எம்.மு இன்னிக்கும் வர்லியா?" என்று கேட்பாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்வாள். நான் போய் எச்.எம். அம்மாவிடம் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். நானே போய் அவள் வீட்டுக்காரரிடம் பேசினேன். "நீங்க அவ சிநேகிதிங்க, அப்டித்தான் சொல்வீங்க" என்று மரியாதையாக டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

தீபாவளி முடிந்து அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். எச்.எம். அம்மா கையெழுத்துப் போட்டு, "நல்லா இருங்க" என்றார். அடுத்த மாதமே அந்த இடத்துக்கு நிர்வாகத்தில் ஒருவருக்குச் சொந்தக்காரப் பெண் வந்தாள். சிபாரிசில்தான். நல்ல பெண், பூத்தையல் அழகாகப் போடுவாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ஒன்பதாவதில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலையிலும் காலியாகவே இருந்தன. எச்.எம். அம்மா வராத ஒரு பெண்ணின் வீட்டைத் தேடிப் போனார். அந்தப் பெண்ணின் அம்மா, "துணி எடுக்க முடியலம்மா. இவ அக்காளுக்கு அந்தத் தையல் டீச்சரு குடுத்தாங்க. அவங்கதான் இப்ப இல்லியே" என்றாராம். திரும்பி வந்து என்னை அழைத்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"அடி அண்ணாமலைல அவங்க வீடு தெரியுமா டீச்சர்? எனக்குக் காட்டறீங்களா?"

கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிறு பௌர்ணமி, இன்னொரு நாள் போகலாம் என்றேன். வேண்டாம், ஏற்கெனவே நாள் ஜாஸ்தி ஆகிவிட்டது என்றார்.

பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோவைப் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். மீதி தூரம் சுற்றுகிற ஜனங்களோடு சேர்ந்து நடந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் கையில் இலையோடு ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் வீட்டுக்காரர் தோசைக் கல்லுக்கு முன்னால். அவள் சட்னி வாளியோடு வரிசையில் குனிந்து ஊற்றிக்கொண்டே வந்தவள், எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். இளைத்திருந்தாள்.

எச்.எம். அம்மா நேராகத் தோசைக் கல்லுக்குப் போய் வாழைப்பழச் சீப்பை நீட்டினார். அந்த மனிதர் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உங்க வீட்டம்மாவ எங்ககிட்ட அனுப்பி வச்சிருந்தீங்க. படிப்ப நிறுத்தவேண்டிய புள்ளைங்கள நிறுத்தாம வச்சிருந்தாங்க. பாடம் எடுக்கற நாங்க அத்தன பேரும் இருந்தோம், எங்களால அது முடியல. இப்ப அவங்க இல்ல, பெஞ்சு காலியா இருக்கு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அப்படி அவளை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

"இத்தல்லாம் இவ சொல்லினுதாம்மா இருந்தா. தன்னப் பத்தித் தானே பெருமயா சொல்லிக்கறான்னு நாங்கதான் காதுலயே போட்டுக்கல" என்றார். கல்லில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. "மறுபடியும் வேணா வரட்டும்மா. நான் வேணான்னு சொல்ல மாட்டேன்."

"அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டுட்டாங்க" என்றார் எச்.எம். அம்மா.

அவளுடைய வேலை போனது போனதுதான் என்பது எங்கள் நாலு பேருக்கும் அந்த இடத்தில் தெரிந்துவிட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சட்னி ஈரத்தோடு இருந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எச்.எம். அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா, இன்னொன்னு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"உள்ள எங்க மாமியார் இருக்காங்க. அவங்ககிட்டயும் இத சொல்லிடுங்கம்மா. கடைக்கு ஆள் இல்லன்னு நிறுத்தனா ஊர்ல தப்பாப் பேசுவாங்கன்னு, ஸ்கூல்லயே வேணான்னு நிறுத்திட்டாங்கன்னுதான் இவரு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. எனக்கு ஒண்ணும் தெரியலன்னுதான் அனுப்பிட்டாங்கன்னு அவங்களும் நெனச்சிகினு இருக்காங்க. காது மந்தம். சத்தமா சொல்லணும்."

இதையும் சிபாரிசு என்று சொல்லிவிடுவாரோ என்று அவரைப் பார்த்தேன். அவர் குடையை என்னிடம் கொடுத்தார், குனிந்து கொட்டகைக்குள் போனார். அடுப்புக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எச்.எம். அம்மா அவர் பக்கத்தில் மண் தரையில் உட்கார்ந்தார். காதுக்குள் வாயை வைத்து, "உங்க மருமவ நல்லா வேல செஞ்சாங்கம்மா! எங்க புள்ளைங்களக் காப்பாத்துனாங்க! அவங்கள மாதிரி எங்ககிட்ட யாருமே இல்ல!" என்று கத்தினார். பள்ளிக்கூடத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். பிறகு எச்.எம். அம்மாவைப் பார்த்தார்.

"இவ்ளோ நல்லா செஞ்சவள அப்பறம் ஏம்மா நிறுத்திட்டீங்க?"

அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். தலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எச்.எம். அம்மா அவரை ஒருமுறை பார்த்தார். நடந்ததைச் சொல்லியிருக்கலாம், அது பொய்யுமில்லை.

"என் தப்புதாம்மா" என்றார்.

"இன்னா?" என்று அந்த அம்மா காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"என் தப்பு!" என்று எச்.எம். அம்மா கத்தினார். "நான் வந்து சொல்லல! என் தப்பு!"